பில் கையில் இருந்தும் வரியா? மெடிக்கல் அலவன்ஸும் ஆபரேஷனுக்குக் கம்பெனி கொடுத்த பணமும்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். சம்பளச் சீட்டில் மாதம் 1,250 ரூபாய் மெடிக்கல் அலவன்ஸ் என்று வருகிறது. வருஷம் முழுக்க மருந்துக் கடை பில்களைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், ஹெச்.ஆர். அவற்றை வாங்கவே மாட்டேன் என்கிறார். அந்த 15,000 ரூபாயை ரிட்டர்ன் போடும்போது நீங்களே கழித்துக்கொள்ளலாமா என்பது ஒன்று. இன்னொன்று பெரியது. 2025 செப்டம்பரில் அப்பாவுக்குத் தனியார் மருத்துவமனையில் பைபாஸ் நடந்தது, பில் 4.80 லட்சம். குரூப் இன்ஷூரன்ஸ் 3 லட்சம் கட்டியது, மீதி 1.80 லட்சத்தைக் கம்பெனியே கொடுத்தது. இப்போது பிப்ரவரிச் சம்பளத்தில் அந்த 1.80 லட்சத்தை உங்கள் வருமானத்தில் சேர்த்து டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்துவிட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போன பணம் எனக்கு எப்படிச் சம்பளம் ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் வருமான வரிச் சட்டம் நோய் நிஜமா, செலவு நிஜமா என்பதோடு நிற்பதில்லை. பணம் எந்த வழியாக வந்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்றுதான் அது முக்கியமாகப் பார்க்கும். ஒரே பில்லில் 3 லட்சத்துக்கு வரி இல்லாமல், 1.80 லட்சத்துக்கு மட்டும் வரி வருவது இதனால்தான். பதினெட்டு வருஷம் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் சம்பளப் பிரிவில் இருந்தேன், அதன் பிறகு வரி ஆலோசனை வேலை. இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் டிடிஎஸ் பிடித்த பிறகு. நீங்கள் பிப்ரவரியிலேயே கேட்டது நல்லது. மார்ச் சம்பளம் இன்னும் பாக்கி இருக்கிறது.

அலவன்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கழிக்க முடியாது. இதில் சந்தேகமே இல்லை. அந்த 1,250 என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு காலத்தில் வருஷத்துக்கு 15,000 ரூபாய் வரை மருத்துவச் செலவை பில் காட்டி வாங்கிக்கொண்டால் வரி கிடையாது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,250. அப்போதெல்லாம் பிப்ரவரி வந்தால் என் மேஜை மேல் மருந்து பில் மலை போலக் குவியும். வருஷம் முழுக்கத் தும்மல்கூட வராத ஆட்கள் எல்லாம் சரியாக 14,980 ரூபாய்க்கு மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். ஆலைக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்காரருக்குத் தீபாவளியைவிட அந்த மாதம்தான் பண்டிகை. அருண் ஜேட்லியின் 2018 பட்ஜெட் இந்தச் சலுகையை எடுத்துவிட்டது. கூடவே 19,200 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு இருந்த விலக்கும் போயிற்று. இரண்டும் சேர்ந்து 34,200 ரூபாய். அதற்குப் பதிலாக எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் பில் எதுவும் கேட்காமல் 40,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) தந்தார்கள். அது மறு வருஷமே 50,000 ஆனது. 2024-25 முதல் புதிய வரி முறையில் 75,000. பழைய முறையில் 50,000 அப்படியே நிற்கிறது. ஆக நீங்கள் சேர்த்து வைத்த பில்களுக்கு உரிய சலுகை, பில் இல்லாமலே உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டாவது தடவை கேட்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018க்கு முன்புகூட விலக்கு இருந்தது பில் காட்டி வாங்கும் பணத்துக்குத்தான். மாதாமாதம் பில் கேட்காமல் தரும் அலவன்ஸுக்கு அன்றும் முழு வரிதான். இன்றும் சில கம்பெனிகள் சம்பளச் சீட்டில் 'மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்ட்' என்று ஒரு வரி வைத்து பில் வாங்குகிறார்கள். பெரும்பாலும் பழைய எக்செல் ஷீட்டை யாரும் மாற்றாததுதான் காரணம். பெயர் என்னவாக இருந்தாலும் வரி ஒன்றுதான். சிஜிஹெச்எஸ் என்ற மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் வசதி இல்லாத ஊர்களில் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு வரும் மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படியும் இதே கணக்கில்தான் வரும்.

சரி, இனி ஆபரேஷன் பணம். இன்ஷூரன்ஸ் கட்டிய 3 லட்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்களுக்காகக் கம்பெனி கட்டும் குரூப் பாலிசி பிரீமியம், அங்கீகரிக்கப்பட்ட திட்டமாக இருந்தால் உங்கள் சம்பளத்தில் சேராது. நீங்களே ஒரு மருத்துவ பாலிசி எடுத்து, அந்த பிரீமியத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தாலும் சேராது, அந்தப் பாலிசி குடும்பத்தாருக்கானது என்றாலும்கூட. கிளெய்ம் பணம் ஆஸ்பத்திரிச் செலவை ஈடுகட்டுவது. அதை யாரும் வருமானமாகப் பார்ப்பதில்லை. கம்பெனி தானே நடத்தும் மருத்துவமனையில் இலவச சிகிச்சை பெற்றாலும் வரி இல்லை. இவை எல்லாம் புதிய வரி முறையிலும் அப்படியே உண்டு. புதிய முறைக்குப் போனால் மருத்துவச் சலுகை எல்லாம் போய்விடும் என்று பரவலாக நினைக்கிறார்கள். போவது மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான 80டி மாதிரியான கழிவுகள். சம்பளம் என்பதில் எது சேரும், எது சேராது என்று சொல்லும் 17(2) பிரிவின் இந்த விலக்குகள் போகவில்லை.

கம்பெனி கையிலிருந்து கொடுத்த 1.80 லட்சம்தான் சிக்கல். பொது விதி உங்கள் ஹெச்.ஆர். பக்கம் இருக்கிறது. நீங்கள் கட்டவேண்டிய பில்லை முதலாளி கட்டினால் அது பெர்க்விசிட், அதாவது சம்பளத்தோடு சேர்ந்த பலன், அதற்கு வரி உண்டு. பணம் உங்கள் கணக்குக்கு வந்ததா, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனதா என்பதெல்லாம் இங்கே பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தப் பொது விதிக்கு இரண்டு வாசல்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஹெச்.ஆர். இரண்டில் எதையும் தட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் வாசல்: அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பு நடத்தும் மருத்துவமனை, அல்லது அரசு தன் ஊழியர்களின் சிகிச்சைக்காக அங்கீகரித்த வேறு மருத்துவமனை. இங்கே சிகிச்சை பெற்றால் என்ன நோய் என்ற கேள்வியே இல்லை, தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. இந்த வாசகத்தைப் பலர் அவசரமாகப் படித்துவிட்டு, இது அரசு ஊழியர்களுக்கான சலுகை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிதான் அரசு ஊழியர்களுக்காக அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். அங்கே படுத்திருந்தவர் அரசு ஊழியராக இருக்கவேண்டியதில்லை. மத்திய அரசின் சிஜிஹெச்எஸ் பட்டியலில் தனியார் மருத்துவமனைகள் நிறைய உண்டு. அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனை அன்றைய தேதியில் அந்தப் பட்டியலில் இருந்திருந்தால், உங்கள் வழக்கு பலமானது.

இரண்டாவது வாசல்: வருமான வரித் துறையின் முதன்மைத் தலைமை ஆணையர் அல்லது தலைமை ஆணையர் ஒப்புதல் கொடுத்த மருத்துவமனை. இங்கே நோயும் பட்டியலில் இருக்கவேண்டும். அந்தப் பட்டியல் விதி 3ஏயில் இருக்கிறது. புற்றுநோய், காசநோய், எய்ட்ஸ், ஆபரேஷன் தேவைப்படும் இதயம், ரத்தம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரக மண்டல நோய்கள், ஆபரேஷன் தேவைப்படும் கண், காது, மூக்கு, தொண்டைக் கோளாறுகள், எலும்பு முறிவு, சிசேரியன் என்று நீளமாகப் போகும். ஆபரேஷன் இல்லாவிட்டாலும், இதயம், நுரையீரல், கல்லீரல் போன்ற பட்டியலில் உள்ள உறுப்புகளின் நோய்க்குத் தொடர்ந்து மூன்று நாளாவது மருத்துவமனையில் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் அதுவும் வரும். பைபாஸ் சந்தேகமில்லாமல் உள்ளே வரும். நோயைப் பற்றிக் கவலை இல்லை, ஒப்புதல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த ஒப்புதல் ஆணையில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று காலம் குறித்திருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்பதாலேயே ஒப்புதல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். புதுப்பிக்க மறந்துபோன பெயர் பெற்ற மருத்துவமனையையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒருவருக்கு அட்மிஷன் தேதிக்கு இருபது நாள் முன்பு ஆணை காலாவதி ஆகியிருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

இரண்டு வாசலுக்கும் பொதுவாக இன்னொரு நிபந்தனை உண்டு, சிகிச்சை பெற்றவர் உங்கள் குடும்பத்தில் சேரவேண்டும். மனைவியோ கணவரோ, பிள்ளைகளோ என்றால் சார்ந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்றால் முழுவதுமாகவோ பெரும்பாலுமோ உங்களைச் சார்ந்திருக்கவேண்டும். மாமனாரும் மாமியாரும் இதில் வரவே மாட்டார்கள், உங்கள் வீட்டிலேயே இருந்து நீங்களே சோறு போட்டாலும். பல வீடுகளில் சண்டை வரக்கூடிய விஷயம், ஆனால் சட்டம் அப்படித்தான்.

உங்கள் அப்பாவுக்குக் கடை வாடகையாக மாதம் 9,000 ரூபாய் வருகிறது, உங்களோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் உறுதியாகச் சொல்ல முடியாத இடம் வருகிறது. 'பெரும்பாலும் சார்ந்தவர்' என்பதற்கு இந்தச் சட்டத்தில் ரூபாய் வரம்பு இல்லை. சிஜிஹெச்எஸ் விதிகளில் வரம்பு உண்டு, ஆனால் அதைத் தூக்கி இங்கே ஒட்டவைக்க முடியாது. என் கணிப்பைக் கேட்டால், வீடு, சாப்பாடு, மருந்து எல்லாம் உங்கள் பொறுப்பு என்று காட்ட முடிந்தால், 9,000 ரூபாய் வாடகை உங்கள் வாதத்தைக் கெடுக்காது. அவருக்கு மாதம் 40,000 ரூபாய் பென்ஷன் வந்திருந்தால் இதைக் கேட்கவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

விவாதத்துக்கு இடம் உள்ள இன்னொன்று, மாநில அரசு பட்டியல். சட்டம் 'அரசு' என்று மட்டும்தான் சொல்கிறது. 1897ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டப்படி அந்தச் சொல் மத்திய அரசு, மாநில அரசு இரண்டையும் குறிக்கும். ஆகவே தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்காக நேரடியாக அங்கீகரித்த மருத்துவமனையும் முதல் வாசலில் வரும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வலையமைப்பில் இருப்பது மட்டுமே போதுமா என்றால், அங்கே இன்ஷூரன்ஸ் நிறுவனமும் நடுவில் இருக்கிறது. அது அரசின் அங்கீகாரம்தான் என்று வாதாடலாம். அதிகாரி ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். வேறு ஆதாரம் இல்லாதபோது மட்டும் இதைக் கையில் எடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடலாம். உங்கள் சம்பளம் அலவன்ஸையும் சேர்த்து 13.90 லட்சம், புதிய முறை. 1.80 லட்சம் சேராவிட்டால் நிலைக்கழிவு போக 13.15 லட்சத்துக்கு செஸ் உட்பட 80,340 ரூபாய் வரி. சேர்ந்தால் 14.95 லட்சத்துக்கு 1,08,420. வித்தியாசம் 28,080 ரூபாய். அலவன்ஸுக்கு நீங்கள் கட்டும் வரி வெறும் 2,340. நீங்கள் முதலில் கேட்டது அலவன்ஸைப் பற்றி, பணம் இருப்பதோ இரண்டாவது கேள்வியில். இதைவிடக் கொடுமையான கணக்கும் உண்டு. 2025-26இல் சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்குப் புதிய முறையில் 12.75 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சம் சம்பளக்காரருக்கு இதே 1.80 லட்சத்தைக் கம்பெனி கொடுத்து, அது வருமானத்தில் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். அவர் எல்லையைத் தாண்டிவிடுவார். பூஜ்யமாக இருந்த வரி 78,780 ரூபாய் ஆகிவிடும். உதவியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை வரியாகப் போய்விடும். இப்படி மாட்டிக்கொண்டு வருபவர்களிடம் பதில் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பழைய முறைக்கு மாறி 80டி, சில குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான 80டிடிபி என்று ஏதாவது கேட்கலாமா என்று நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் விஷயத்தில் உதவாது. 80டிடிபி பட்டியல் குறுகியது: நரம்பு மண்டல நோய்கள் சில, புற்றுநோய், எய்ட்ஸ், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோபீலியா, தலசீமியா. இதய ஆபரேஷன் அதில் இல்லை. விதி 3ஏ பட்டியலும் இதுவும் ஒன்று என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு 80டியில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு, ஆனால் அவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருக்கவேண்டும். உங்கள் அப்பா குரூப் பாலிசியில் இருக்கிறார். அவரைச் சேர்க்க உங்கள் சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கிறார்கள் என்றால், அந்தத் தொகையை மட்டும் பழைய முறையில் 80டியில் கேட்கலாம். கம்பெனி தன் பணத்தில் கட்டிய பங்கைக் கேட்க முடியாது.

இனி செய்யவேண்டியது. ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவுக்குப் போங்கள். ரிசப்ஷனில் கேட்டால் தெரியாது என்பார்கள். சிஜிஹெச்எஸ் அங்கீகாரக் கடிதம், தலைமை ஆணையரின் ஒப்புதல் ஆணை, இரண்டில் எது இருந்தாலும் நகல் கேளுங்கள். அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் வரையிலான தேதிகள் அந்த ஆணையின் காலத்துக்குள் வருகிறதா பாருங்கள். என்ன நோய், என்ன சிகிச்சை என்று குறிப்பிட்டு ஒரு சான்றிதழும், பணம் கட்டிய ரசீதும் வாங்குங்கள். இரண்டாவது வாசல் வழியாகப் போனால் இந்த இரண்டையும் ரிட்டர்னோடு இணைக்கவேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. இப்போதைய ரிட்டர்னில் எதையும் இணைக்க வழியில்லை என்பதால், கேட்கும்போது கொடுக்கப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரு கடிதத்தோடு சம்பளப் பிரிவுக்குக் கொடுங்கள், மின்னஞ்சலாக இருந்தால் இன்னும் நல்லது. மார்ச் சம்பளத்துக்கு முன் கொடுத்துவிட்டால் அவர்களே 1.80 லட்சத்தை எடுத்துவிட்டு, கூடுதலாகப் பிடித்ததை மார்ச்சில் சரிசெய்துவிடலாம். ஃபார்ம் 16உம், பெர்க்விசிட் விவரம் காட்டும் 12பிஏயும் சுத்தமாக வரும்.

அவர்கள் மறுத்தாலும் உரிமை போய்விடாது. ரிட்டர்னில் பெர்க்விசிட் தொகையைக் குறைத்துக் காட்டி ரீஃபண்ட் கேட்கலாம். ஆனால் ஃபார்ம் 16க்கும் ரிட்டர்னுக்கும் இடையே வித்தியாசம் தெரியும், விளக்கம் கேட்டு 143(1) பிரிவில் அறிவிப்பு வரக்கூடும். அதற்கு முப்பது நாளுக்குள் பதில் போடவேண்டும். பதில் போட்டவர்கள் பலருக்கு நியாயம் கிடைத்திருக்கிறது, சிலருக்கு அப்பீல் வரை இழுத்திருக்கிறது. 28,080 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் முடிவு. உங்கள் வருமானம் 2025-26ஐச் சேர்ந்தது என்பதால் 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறும், எண்ணை வைத்துத் தேடுபவர்கள் குழம்பவேண்டாம்.

ஆஸ்பத்திரியிடம் எந்த ஆணையும் இல்லை என்று தெரிந்தால் 1.80 லட்சத்துக்கு வரிதான். அப்படியானால் கம்பெனியிடம் பேசிப் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் அது இனிமேல் வரும் செலவுகளுக்கு. விதி 3ஏ பட்டியலில் உள்ள நோய்க்காக முதலாளி வட்டியில்லாமல் கடன் கொடுத்தால், அந்த வட்டிச் சலுகையைப் பெர்க்விசிட்டாகக் கணக்கிடுவதில்லை. இங்கே ஆஸ்பத்திரிக்கு ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்ட பகுதிக்கு மட்டும் இது பொருந்தாது. கடன் என்றால் திருப்பிக் கட்டவேண்டும், பின்னாளில் கம்பெனி தள்ளுபடி செய்தால் அப்போது வரி வரும். நடந்து முடிந்த உதவியைப் பின்தேதியிட்டுக் கடனாக மாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கடைசியில் ஒரு வரியில், ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து 45,000 ரூபாய் திரட்டிக் கொடுத்ததாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அது சம்பளம் இல்லை, அன்பளிப்பு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. மார்ச் 31க்குள் வேறு யாராவது நண்பர் உங்களுக்குப் பணம் கொடுக்க வந்தால், ஏப்ரலில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆணையின் நகல் கொடுத்ததும், அதில் உள்ள இரண்டு தேதிகளையும் அப்பாவின் அட்மிஷன், டிஸ்சார்ஜ் தேதிகளையும் இங்கே எழுதுங்கள். கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தில் என்ன வாசகம் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.